வெளியே பூட்டு, உள்ளே தாத்தா

போன மாதம் ஓசூர் ரோட்டில் என் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பழைய லாரி நின்றிருந்தது. சிக்னல் விழுந்து அது கிளம்பியபோது கறுகறுவென்று ஒரு புகையை விட்டுவிட்டுப் போனது. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் கர்ச்சீப்பையும் துப்பட்டாவையும் தேடினார்கள். நான் மட்டும் நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாற்பது தாண்டிய பெண்பிள்ளை, பார்த்தால் படித்தவள் மாதிரி இருக்கிறாள், டீசல் புகையை மல்லிகைப்பூ மாதிரி முகர்கிறாளே என்று நினைத்திருப்பார். எங்கள் தாத்தாவிடம் இந்த வாசனைதான் அடிக்கும் என்று அவரிடம் சொல்லவா முடியும்? உங்களிடம் சொல்லலாம்.

தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். பெங்களூரில் ஊருக்குள் ஓடும் பஸ்ஸை ஓட்டியவர். விவேக் நகரில் ஒரு சந்துக்குள் எட்டு வீடுகள் வரிசையாக, ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இருந்தன. அதில் ஐந்தாவது எங்களுடையது. அந்த வரிசையில் அவருக்குப் பெயரே டிரைவர்தான். கோவிந்தசாமி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அவருடைய காக்கிச் சட்டையை எவ்வளவு சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அந்த டீசல் வாசனை போகாது. அதோடு கொஞ்சம் பீடி, கொஞ்சம் விபூதி.

அந்தக் கால பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சினை மூடி ஒரு பெரிய பெட்டி இருக்கும். பானெட் என்போம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழுந்தால் தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தன் துண்டை நாலாக மடித்து பானெட் மேல் போட்டு என்னை உட்கார வைப்பார். சிவாஜி நகர் போய்ச் சேருவதற்குள் துண்டைத் தாண்டிச் சூடு ஏறிவிடும். ஆனாலும் இறங்க மாட்டேன். அந்தச் சூட்டில் உட்கார்ந்தே நான் கறுத்துப் போனதாக அம்மா எல்லாரிடமும் சொல்வாள். பிறந்தபோது எடுத்த போட்டோவிலும் நான் இதே நிறம்தான். அதை அம்மாவிடம் யார் சொல்வது?

கண்டக்டர் பின்னாலிருந்து "ரைட்!" என்றால் வண்டி கிளம்பும். "ஓல்டான்!" என்றால் நிற்கும். ஓல்டான் என்பது கன்னடம் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 'ஹோல்ட் ஆன்' என்ற ஆங்கிலம் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. தாத்தாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பஸ்ஸில் ஏறும் ஜனங்களிடம் கன்னடம், குறுக்கே வரும் ஸ்கூட்டர்காரனைத் திட்ட உருது, வண்டியைக் கிளப்பும் முன் முருகனைக் கூப்பிடத் தமிழ். மூன்றும் ஒரே நிமிஷத்தில் வரும். சிவாஜி நகரிலிருந்து வீடு வரைக்கும் வாய் ஓயாது. யார் வீட்டில் கல்யாணம், யார் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விசாரித்துவிடுவார்.

அந்த வாய் ஒருமுறை மூடியது. தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தகராறு, ஊரெல்லாம் தமிழர்களுக்கு அடி. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். அப்பா எங்களை வெளியே விடவில்லை. நாலைந்து நாள் கழித்து பஸ் ஓட ஆரம்பித்ததும் தாத்தா டியூட்டிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என் முன்னால் குனிந்து, "பாப்பா, வெளியில தமிழ்ல பேசாத, தெரிதா?" என்றார். அந்த ஒரு மாதம் அவர் பஸ்ஸில் யாரிடமும் எதுவும் பேசவில்லை என்று கண்டக்டர் ஒருவர் பிற்பாடு சொன்னார். தாத்தாவின் கன்னடம் எங்களையெல்லாம்விட நன்றாக இருக்கும். ஆனாலும் முருகா என்று வாய் தவறி வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. "சாப்டியா?" என்று கேட்பதற்குக்கூட என் காதுக்குப் பக்கத்தில் வந்துதான் கேட்பார்.

இரண்டு வருஷத்தில் ரிட்டையர் ஆனார். பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அம்மா பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்கு ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். அப்பா பேக்டரியில் ஷிப்ட். அதனால் எனக்குத் தலை பின்னிவிடும் வேலை தாத்தாவிடம் வந்தது. லாரியில் சுமை கட்டுகிற மாதிரிப் பின்னுவார். ரெட்டைச் சடை, இழுத்த இழுப்பில் இரண்டு புருவமும் மேலே ஏறிவிடும். நாள் பூரா ஆச்சரியப்பட்ட முகத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். கணக்கு டீச்சர் ஒருநாள், "என்னம்மா, அவ்வளவு பயமாவா இருக்கு?" என்று கேட்டேவிட்டார். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். பி.காம். முதல் வருஷம் வரைக்கும் அவர்தான் பின்னினார். பிறகு நான் முடியை வெட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர் சீப்பைக் கழுவி ஆணியில் மாட்டினார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் அது ஆரம்பித்தது. முதலில் டீயில் உப்பு. எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு கடைக்குப் போனவர் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருச்சா?" என்று என்னிடமே கேட்டார். போயிருச்சு தாத்தா என்றேன். வேறென்ன சொல்வது?

ஒரு மத்தியானம் ஆளையே காணோம். அப்பாவும் நானும் கோயில், மாதா சர்ச், மார்க்கெட் எல்லாம் தேடினோம். கடைசியில் அப்பாவுக்குத் தோன்றி பஸ் டிப்போவுக்குப் போனோம். ஓரமாக நின்றிருந்த ஒரு வண்டியில், டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு இளவயது டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வண்டி அது. எடுக்க நேரமாகியும் தாத்தாவை இறங்கச் சொல்லாமல் நின்றிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கன்னடத்தில், "இந்த ட்ரிப் முடியட்டும்னு பார்த்தேன்" என்றார். அப்பா ஏறிப்போய் கையைப் பிடித்து இறக்கினார். அந்த டிரைவர் தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஓசூர் ரோட்டில் ஒரு ஆபீஸ். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு டேப்பில் பேசி வைப்பார்கள். அந்தக் குரல் நம்மூருக்கு வரும். ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு பெடல். ஒரு மிதியில் குரல் ஓடும், இன்னொன்றில் பின்னால் போகும். நான் பெடல் மிதிப்பதைப் பார்த்து, தாத்தாவின் பேத்திதான் என்று அப்பா பெருமைப்பட்டார். ஆரம்பத்தில் அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஒரு கிழவரின் முழங்கால் ஆபரேஷனை நான் முழங்கைக்கு மாற்றிவிட, சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார்.

அங்கேதான் டிமென்ஷியா என்ற வார்த்தையை முதன்முதலில் கேட்டேன். யாரோ ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். வயது எழுபத்தொன்று, மகளை அடையாளம் தெரியவில்லை, பழைய வேலைக்குக் கிளம்புகிறார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். கேட்கக் கேட்க எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டைப் பற்றி இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷர். ஆமாம் அதுதான் என்றார். மாத்திரை எழுதினார். "கூட யாராவது இருக்கணும்" என்றார். மூன்று பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் மூன்று பேரும் வேலைக்குப் போனோம்.

முதலில் தாத்தாவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு லூர்து ஆன்ட்டியிடம்தான் கொடுத்திருந்தோம். தையல் மெஷின் வைத்து வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். கணவர் இல்லை. தாத்தாவை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் தாத்தா உள்ளேயிருந்து ரொம்பத் தட்டியதால் மனசு கேட்காமல் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் வாசலில் உட்காரட்டும் என்றுதான். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் தாத்தா இல்லை. மெயின் ரோட்டில், வண்டிகளுக்கு நடுவில், பஸ்ஸுக்கு வழி விடச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். யாரோ இழுத்து ஓரமாக விட்டிருக்கிறார்கள். எனக்கு ஆபீஸுக்குப் போன் வந்து நான் ஓடி வந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, அதுவரை யாரிடமும் சத்தம் போட்டறியாத மனிதர், சந்தே கேட்கிற மாதிரி ஆன்ட்டியிடம் கத்தினார். "சாவியக் குடுங்க. உங்கள நம்பிக் குடுத்தது எங்க தப்பு." ஆன்ட்டி உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆன்ட்டி மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இனி ஆபீஸுக்குப் போன் வராது என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

அதற்கப்புறம் வெளியே பூட்டு, உள்ளே தாத்தா. கடைசியாகக் கிளம்புவது நான் என்பதால் பூட்டுவதும் நான்தான். சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைப்பேன். சந்துப் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அது வழியாக ஆன்ட்டி மத்தியானம் எட்டிப் பார்த்து, சாப்பிடச் சொல்லுவார். சாவியைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் ஒருநாள்கூட அதை நிறுத்தவில்லை.

சாவி என்னிடம் வந்த முதல்நாள் பூட்டிவிட்டு நாலு அடி வைத்திருப்பேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாப்பா, டோர் ஜாமாயிடுச்சு. வெளியேருந்து கொஞ்சம் தள்ளு."

நான் திரும்பவில்லை. செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்று மெதுவாக நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளும் அப்படித்தான் கேட்டார். ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. அந்த அழுகைகூட நின்றுவிட்டது. இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவார். இரண்டு கையும் ஸ்டியரிங் அகலத்துக்கு விரிந்திருக்கும். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து "ரைட்!" என்பேன். தாத்தாவின் முகம் தெளிந்துவிடும். மேயோ ஹால், ஆஸ்டின் டவுன் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டே வருவார். என் பெயர் மறந்துபோன மனிதருக்கு ஒரு ஸ்டாப்கூடத் தப்பாது. சில நாள் நான் ஏதாவது தமிழில் பேசிவிட்டால் சட்டென்று திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஷ்... வண்டில ஜனம் இருக்குது. மெதுவா பேசு" என்பார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த டிசம்பரில் இருந்துகொண்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். நானும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். எங்கள் சொந்த வீட்டுக் கூடத்தில், இரண்டு பேரும் ரகசியமாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தோம்.

அது இரண்டாயிரத்து மூன்று. ஆகஸ்ட் மாதம், விடாத தூறல். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் கிளம்பும்போது தாத்தா என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார். "டூட்டிக்கு நேரமாச்சு. நானும் வரேன்." எனக்கும் நேரமாகிவிட்டது. விடுவிக்கப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நான் போய் வண்டிய எடுத்துக்கினு வரேன் தாத்தா. நீ ரெடியா இரு."

உடனே விட்டுவிட்டார். "சரி, சீக்கிரம் வா" என்றார். பூட்டினேன். போனேன்.

பதினொரு மணி வாக்கில் எனக்கு வந்த ஃபைலில் ஒரு வயதான பெண் டாக்டரின் குரல். நிதானமாகப் பேசினார். "நோயாளி வீட்டை விட்டு வெளியே போய்விடுவதால் குடும்பத்தார் கதவைப் பூட்டி வைப்பதாகச் சொல்கிறார்கள். அவரைத் தனியாக விடக் கூடாது என்று மறுபடியும் எடுத்துச் சொன்னேன்." இதுதான். பெடலை மிதித்துப் பின்னால் போய் மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். எழுந்துபோய் சூப்பர்வைசரிடம் அரைநாள் லீவு கேட்டேன். "கையில இருக்கறத முடிச்சுட்டுப் போ" என்றார். அப்போதே கிளம்பியிருக்கலாம், என்ன செய்துவிடுவார்கள்? நான் பாழாய்ப்போன பொறுப்பான பெண் இல்லையா, உட்கார்ந்து முடித்தேன். கிளம்பும்போது மணி மூன்று. மழையில் டிராபிக் நின்றுபோய் வீட்டுக்கு வர நாலரை.

பூட்டைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே, முக்காலியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஒரு பொத்தான் தள்ளிப் போட்டதால் சட்டை ஒரு பக்கம் ஏறியிருந்தது. எண்ணெய் தடவித் தலை வாரியிருந்தார். விபூதி இட்டிருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, "தாத்தா, வண்டி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே தோளைத் தொட்டேன்.

என் சத்தம் கேட்டு லூர்து ஆன்ட்டி ஓடி வந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துலயே போயிட்டாரும்மா. மத்தியானம் நல்லா சாப்ட்டாரு. இன்னைக்குக் கதவக்கூடத் தட்டல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கல்பள்ளி மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் காக்கியோடே வந்து தோள் கொடுத்தார்கள். கிளம்பும் முன் அப்பா கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கனத்தில் பை தொங்க, அப்படியே தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பூட்டை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. எங்கே போட்டார் என்று கேட்கவும் இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று பேரும் கடைசி வரை பேசவில்லை.

பதினாறு நாள் கழித்து ஆபீஸுக்குப் போய் ஹெட்போனை மாட்டினேன். அந்தக் குரல்கள் எல்லாம் இன்னும் என் காதில் இருக்கின்றன. யார் மூக்கால் பேசுவார், யார் நடுவில் இருமுவார் என்று இப்போதும் சொல்வேன். தாத்தாவின் குரலை மட்டும் நினைத்து நினைத்துப் பார்த்தும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவர் சொன்ன வார்த்தைகள் வருகின்றன. குரல் வருவதில்லை. வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. ஒருநாள் ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் போதும்.

ஆறேழு வருஷம் போயிருக்கும். எனக்குக் கல்யாணமாகிவிட்டது. லூர்து ஆன்ட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு கோலாரில் மகளோடு இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேம்மா. தட்டினாரு. நீ போனதுலருந்து தட்டினாரு. நான் தையல உட்டுட்டு ஜன்னலாண்ட வந்து நின்னேன். இன்னாண்ணா வேணும்னேன். பாப்பா வண்டி எடுக்கப் போயிருக்குது, இன்னும் காணோம், நீ போய்ப் பாருன்னாரு. வந்துரும்ணா, வந்துரும்ணான்னு சொல்லிக்கினே இருந்தேன். கம்பிக்குள்ள கைய உட்டு அவரு கையப் புடிச்சிக்கினேன். அப்பறம் அமைதியா முக்காலில போய் உக்காந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாவி மட்டும்..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து, ஏழு வருஷத்துக்கு முன் அப்பா கத்தியபோது சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "உங்க மேல தப்பில்ல ஆன்ட்டி." அவர் என் தலையைத் தடவினார். என் மேல் தப்பில்லை என்று அவரும் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பொய் சொல்வதை அவர் நிறுத்தியிருந்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது ஆன்ட்டி இல்லை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. போன வாரம் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவள் சந்துக்குள் நுழைந்தேன். எட்டு வீட்டையும் இடித்துவிட்டு, நாலு மாடி லேடீஸ் ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது வீடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பைக்குகள் நின்றன. நான் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு வாட்ச்மேன் எழுந்து வந்தார். வடக்கத்திப் பிள்ளை, மீசை இப்போதுதான் முளைக்கிறது. யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டார். பெயரைச் சொன்னால் ரிஜிஸ்டரில் பார்த்துக் கூப்பிடுவதாகவும் சொன்னார். நல்ல பிள்ளை, ரிஜிஸ்டரைத் திறந்துவிட்டார்.

ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.